கப்பலில் கச்சேரி, கரையில் கல்: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

போன செப்டம்பரில் நானும் வீட்டுக்காரரும் கிரேக்கப் பக்கம் ஒரு சிறிய கப்பலில் எட்டு நாள் சுற்றி வந்தோம். பகலில் பழைய இடங்கள், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கப்பலிலேயே மேற்கத்தியச் செவ்விசைக் கச்சேரி. பயணிகள் தொண்ணூறு சொச்சம், கலைஞர்கள் ஆறு பேர். டிக்கெட் போட்டது லண்டனில் இருக்கும் மகள். இப்படிப் போனவர்கள் வேறு யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். முதலில் என் கதை.

எனக்கு மேற்கத்திய இசை தெரியாது. முப்பது வருடமாக மார்கழியில் சபா கேன்டீனுக்கும் கச்சேரி ஹாலுக்கும் நடுவே ஓடிப் பழகியவள். முதல் ராத்திரியே மானம் போயிற்று. ஹைடன் இசையமைத்தது ஒன்றை இரண்டு வயலின், வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலா ஒன்று, தரையில் ஊன்றி வாசிக்கிற பெரிய செல்லோ ஒன்று என்று நாலு பேர் வாசித்தார்கள். முதல் பகுதி முடிந்ததும் நாங்கள் இரண்டு பேர் மட்டும் கைதட்டினோம். ஹாலில் ஒரு சத்தம் இல்லை. நாலு பகுதியும் முடிந்த பிறகுதான் தட்ட வேண்டுமாம். தொடையில் தாளம் போட்டதற்கும் முன்வரிசை அம்மா ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

கப்பல் கச்சேரியில் எனக்குப் பிடித்தது வாசிப்பைவிட அதற்குச் செய்கிற ஏற்பாடு. பியானோவைத் தரையோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். செல்லோவின் அடியில் இருக்கும் கூரான கம்பி பளபளப்பான தரையில் வழுக்கும் என்று, அதை ஒரு வாரில் பொருத்தி, வாரின் மறுமுனையை அந்தப் பெண் தன் நாற்காலிக் காலில் மாட்டிக்கொண்டாள். கடல் காற்று பட்டுத் தந்தி இறங்கிக்கொண்டே இருக்க, ஒவ்வொரு உருப்படிக்கும் முன்னால் சுருதி சேர்த்தார்கள். இதற்கெல்லாம் அடியில் எஞ்சின் ஒரே சீராக ரீங்கரித்துக்கொண்டிருந்தது. "ஒன்றரைக் கட்டை" என்றார் இவர். தம்புரா இல்லாத குறை தீர்ந்தது என்று அவருக்குச் சந்தோஷம்.

கொரிந்து கால்வாயைக் கடந்தது இரண்டாம் நாள். 1893இல் திறந்தது, 6.4 கிலோமீட்டர் நீளம், அடியில் 21 மீட்டர்தான் அகலம். பெரிய உல்லாசக் கப்பல்கள் நுழையவே முடியாது, சிறிய கப்பலில் போவதன் லாபம் இதுதான். இழுவைப் படகு முன்னால் போக, இருபுறமும் செங்குத்தான பாறைச் சுவர். மேல்தளத்தில் நின்றபோது கை நீட்டினால் தொட்டுவிடலாம் போலிருந்தது. வித்வான்களும் எங்களோடு நின்று போனில் படம்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள், யாரும் வாசிக்கவில்லை.

அடுத்து டெல்பி. இத்தேயா துறையில் இறங்கி மலை ஏற வேண்டும். அருள்வாக்கு சொன்ன கோயில் என்றுதான் படித்திருந்தேன். அங்கே நடந்த பிதியப் போட்டிகள் ஓட்டப்பந்தயத்தில் தொடங்கவில்லை, யாழ் போன்ற கித்தாரா என்ற வாத்தியத்தோடு அப்போலோ தெய்வத்தைப் பாடும் போட்டியில்தான் தொடங்கின என்பது புதுச் செய்தி. விளையாட்டெல்லாம் பிறகு சேர்ந்தவை.

அருங்காட்சியகத்தில் ஒரு கல் முன்னால் நான் நகரவே இல்லை. ஏதென்ஸ்காரர்கள் டெல்பியில் கட்டிய கருவூலத்தின் வெளிச்சுவரில் வெட்டியிருந்த இரண்டு அப்போலோ துதிகள். கி.மு. 128 என்று கணக்கிடுகிறார்கள், பிரெஞ்சுத் தொல்லியலாளர்கள் கண்டெடுத்தது 1893இல். பாட்டின் வரி கீழே, அசைகளுக்கு மேலே சின்னச் சின்ன எழுத்தாகச் சுரம். நம் பாட்டு நோட்டில் மேலே சுரம், கீழே சாகித்யம் எழுதுவோமே, அச்சாக அதேதான். ஒரு அசையை இரண்டு சுரத்துக்கு நீட்ட வேண்டிய இடத்தில் உயிரெழுத்தை இரண்டு தரம் வெட்டியிருக்கிறான். பாட்டு டீச்சர் "ரா"வுக்குப் பக்கத்தில் "ஆ" போட்டுக் கொடுப்பார்களே, அந்த மாதிரி. வழிகாட்டி அந்தத் தாளத்தைக் கைதட்டிக் காட்டினார்: நெடில், குறில், நெடில். "ராமனே" என்று சொல்லிப் பாருங்கள், மாத்திரை ஐந்து. கண்ட நடை! இவர் சத்தமாகவே "தகதகிட" என்றார். வழிகாட்டிக்கு ஒன்றும் புரியவில்லை.

அன்று ராத்திரி கப்பலில் அந்த இரண்டில் முதல் துதியைப் பாடினார்கள். கல் கிடைத்த மறு வருடமே, 1894இல், ஃபோரே என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் அதற்குப் பக்கவாத்தியம் எழுதியிருக்கிறார். ஒலிம்பிக்கை மறுபடி தொடங்கலாம் என்று பாரிசில் முடிவெடுத்த மாநாட்டில் பாடியது அதைத்தான். அவர் எழுதிய ஹார்ப்புக்குப் பதில் எங்களுக்குப் பியானோ. மத்தியானம் கண்ணால் தடவிய எழுத்து ராத்திரி குரலாக வந்தபோது, மேற்கத்திய இசை தெரியாது என்ற நினைப்பே வரவில்லை.

எபிடாரஸ் பழைய அரங்கு, எபேசு என்ற பழைய நகரம் பற்றிப் பிறகு எழுதுகிறேன். மற்றவர்கள் சொல்லுங்கள்.

* * *

அக்கா, எபிடாரஸ் பற்றி நான் சொல்லிவிடட்டுமா? ஒலிப்பதிவு என் தொழில், அதற்காகவே போனேன். நீங்கள் போன மாதிரி இசைக் கப்பல் இல்லை, பக்கத்து ஊர் நாப்பிலியோவில் தங்கி பஸ்ஸில் போனேன்.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய அரங்கு. முதலில் 34 வரிசை, பிறகு மேலே 21, ஆக 55. நடுவட்டத்தில் வழிகாட்டி ஒரு நாணயத்தைப் போடுவார், எல்லாரும் ஆகா என்பார்கள். நான் கடைசி வரிசைக்கு ஏறி உட்கார்ந்துகொண்டேன். 'டிங்' கேட்டது. ஆனால் நண்பன் கீழேயிருந்து கிசுகிசுத்தது சுத்தமாகக் கேட்கவில்லை. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2017இல் அளந்து பார்த்துச் சொன்னதும் இதுதான்: நாணயம் விழும் ஓசை அரங்கு முழுக்க எட்டும், ஆனால் அது நாணயம் என்று புரிவது பாதி உயரம் வரைதான். கிசுகிசுப்பெல்லாம் முன்வரிசையோடு சரி.

அதற்காக அரங்கு சாதாரணம் என்று சொல்ல வரவில்லை. கூட்டத்தின் முணுமுணுப்பு, காற்றின் உறுமல் மாதிரித் தாழ்ந்த ஒலிகளைப் படிப்படியான கல்வரிசை வடிகட்டிவிடுகிறது, குரலின் மேல்பகுதி தெளிவாக நிற்கிறது என்று 2007இல் ஒரு ஆய்வு வந்தது. என் காதுக்கு அது சரியாகவே பட்டது. ஓபரா பாடகி மரியா காலஸ் 1960இல் அங்கே 'நோர்மா' என்ற ஓபராவைப் பாடியிருக்கிறார். முதல் நாள் மழை வந்து நிகழ்ச்சி நின்றுபோனது. திறந்தவெளியில் மைக் கட்டிப் பிழைக்கிறவன் நான், எனக்கு அந்த மழைதான் முதலில் மனதில் நின்றது.

வட்டத்தில் நின்று பாடிப் பார்க்கலாம் என்று யாரும் ஆசைப்படாதீர்கள். ஒரு இத்தாலியர் வாயைத் திறந்ததும் காவலாளி விசில் ஊதிவிட்டார். அந்த விசில் கடைசி வரிசை வரை பிரமாதமாகக் கேட்டது.

* * *

நான் டொரன்டோவில் இருக்கிறேன். இரண்டு வருடம் முன்பு நானும் தங்கச்சியும் இப்படி ஒரு கப்பலில் போனோம். எல்லாருக்கும் இனிப்பான அனுபவமே வாய்க்கும் என்று நினைக்க வேண்டாம், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

விளம்பரத் தாளில் "பழங்கால அரங்கில் மாலைக் கச்சேரி" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். போனால் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் ஏசிச் சத்தத்தோடு வாசித்தார்கள். கேட்டதற்கு, அனுமதி கிடைத்தால்தான் என்று கீழே சின்ன எழுத்தில் இருக்கிறதே என்றார்கள். இருந்ததுதான். பூதக்கண்ணாடி வைத்தால் தெரியும். காசு கட்டும் முன் கச்சேரி எந்த இடத்தில் என்று எழுத்தில் வாங்கி வையுங்கள்.

அடுத்த நாள் டெலோஸ் தீவு. மெல்டெமி என்று ஒரு வடகாற்று, கோடை முழுக்க அடிக்குமாம். எங்கள் நாளில் அது சரியான கடுமை. படகு கரை சேர ஏலாது என்று அறிவித்துவிட்டார்கள். அப்போலோ பிறந்த தீவு, இசைக்கே தெய்வம் அவர், இசைப் பயணத்தில் அதைத்தான் விட்டுவிட்டு வந்தோம். தங்கச்சி விடவில்லை. பயணம் முடிந்த பிறகு பக்கத்துத் தீவான மிக்கோனோசில் இரண்டு நாள் கூடத் தங்கி, சாதாரணப் பயணிப் படகில் போனோம், அரை மணி நேர ஓட்டம்தான்.

நிழல் என்று ஒரு மரம்கூட ஒழுங்காக இல்லை. தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். அந்த மண்ணில் யாரும் பிறக்கவும் கூடாது, சாகவும் கூடாது என்று ஒரு காலத்தில் ஏதென்ஸ்காரர் சட்டம் போட்டு, இருந்த சவக்குழிகளையும் தோண்டி எடுத்துப் போனார்களாம். புகழ்பெற்ற சிங்கங்கள் வெளியே நிற்பவை பிரதிகள், அசல் அருங்காட்சியகத்துக்குள். வெளிச் சிங்கத்தின் காலடியில் ஒரு ஓணான் வெயில் காய்ந்தபடி எங்களைப் பார்த்துத் தலையாட்டியது. நாங்கள் கேட்ட கச்சேரிக்கு அது போதும் என்றாள் தங்கச்சி. நாள் முழுக்க அதையே சொல்லிச் சிரித்தோம்.

* * *

கப்பலில் போனதில்லை, முதல் பதிவுக்கு ஒரு வரி. நான் புதுக்கோட்டைக்காரன். கல்லில் சுரம் என்றதும் குடுமியான்மலை நினைவு வந்தது. குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் ஏழு பிரிவாகச் சுரம் வெட்டியிருக்கிறது. "ரி" ஒன்றே ர, ரி, ரு, ரெ என்று மாறி மாறி வரும். பள்ளிச் சுற்றுலாவில் அதன் எதிரே உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். அது பாட்டு என்று ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

* * *

புதுக்கோட்டைத் தம்பி, அடுத்த தடவை ஊருக்கு வரும்போது குடுமியான்மலைக்கு வருகிறோம், புளிச்சோறு நான் கொண்டுவருகிறேன். டொரன்டோ அம்மா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். இன்னொன்று: கப்பல் துருக்கிக்குப் போய்விட்டுக் கிரேக்கத்துக்குத் திரும்பினால், இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்குப் பலமுறை நுழையும் ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) வேண்டும். ஒருமுறை விசாவோடு வந்த ஒரு தம்பதியைக் கப்பலில் ஏற்றவே இல்லை.

பாக்கி வைத்திருந்த கடைசி நாள். துருக்கியின் குஷாதாசி துறைமுகத்தில் இறங்கி எபேசு பார்த்தோம். நூலக முகப்பு, பெரிய அரங்கு எல்லாம் படங்களில் பார்த்தது போலத்தான், கூட்டம் மட்டும் நம் தேர்த்திருவிழாக் கூட்டம். துறைமுகம் இருந்த இடத்தை ஆறு மண் கொண்டுவந்து மூடிவிட்டது, இப்போது வெறும் வயல்வெளி.

அன்றைய கச்சேரியில் கடைசியாகப் பாடியது அந்த வட்டாரத்துக் கல் ஒன்றில் இருந்த பாட்டு. அய்தின் ஊர்ப் பக்கம் 1883இல் கிடைத்த, செய்கிலோஸ் என்பவர் நட்டு வைத்த கல். முழுப் பாட்டும் சுரத்தோடு சேதமில்லாமல் கிடைத்ததில் இதுவே மிகப் பழையது என்கிறார்கள். கிடைத்த புதிதில் ஒரு வீட்டில் பூந்தொட்டி வைக்க வசதியாக அடிப்பக்கத்தைத் தேய்த்துச் சமப்படுத்தி, கடைசி எழுத்து வரியை அழித்துவிட்டார்கள். நல்ல வேளை, பாட்டு அதற்கு மேலே இருந்தது. இப்போது கோபன்ஹேகனில் இருக்கிறது.

பாடகி பக்கவாத்தியம் இல்லாமல் பாடினார். ஒரு நிமிடம்கூட இல்லை. நிறுத்திய பிறகும் யாரும் அசையவில்லை, முடிந்ததா, இன்னும் பகுதி இருக்கிறதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. முதல் ராத்திரி எங்களை முறைத்த அம்மாகூட அக்கம்பக்கம் பார்த்தார். இவர் மட்டும் பழக்க தோஷத்தில் "பேஷ்!" என்றார். பாடகி சிரித்துவிட்டு, இவரைப் பார்த்து ஒருமுறை தலையசைத்து, மறுபடி முதலிலிருந்து பாடினார்.