நகை காணோம்னா குறவர் வீட்டுக்குத்தான் போலீஸ் வருது, வழி தெரிஞ்சவங்க உதவுங்க

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் அவசரம். எங்க தெருவுல கூடை பின்ற குறவர் குடும்பம் ஒன்னு இருக்கு, பக்கத்து ஊர்ல நகை காணாம போச்சுன்னு ராத்திரி மஃப்டில வந்து அந்த வீட்டுப் பையன தூக்கிட்டுப் போயிட்டாங்க, எந்த ஸ்டேஷன்னு கூட அம்மாகிட்ட சொல்லல, ரெண்டு நாள் வச்சிருந்து வெத்துப் பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டு அனுப்பிட்டாங்க. பாதம் ரெண்டும் வீங்கி செருப்புக்குள்ள கால் நுழையல. அவன் மேல ஒரு பழைய கேஸ் கூட கிடையாது, சாதிய பாத்துதான் தூக்கிருக்காங்க!!

சில சமூகங்கள பிறப்பாலயே குற்றவாளின்னு முத்திரை குத்துன வெள்ளைக்காரன் காலத்து குற்றப் பரம்பரைச் சட்டத்த 1952லயே எடுத்தாச்சு, இந்த மாதிரி சமூகத்து ஆளுங்கள இஷ்டத்துக்கு கைது பண்ணக்கூடாதுன்னு 2024 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு, 24 மணி நேரத்துல மேஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும், வீட்டுக்குத் தகவல் சொல்லணும், இதுல ஒன்னுகூட நடக்கல.

ஜிஎச்ல ஏஆர் காப்பி (காயம் எப்படி ஆச்சுன்னு எழுதுற விபத்துப் பதிவேட்டு நகல்) கேட்டா கீழ விழுந்ததுன்னு எழுதிக்கவான்றாங்க, போலீஸ் அடிச்சதுன்னே எழுத வைக்க என்ன பண்ணணும்? ஸ்டேஷன் சிசிடிவி பதிவ குறைஞ்சது ஒரு வருஷம் வச்சிருக்கணும்னு 2020 தீர்ப்பு இருக்கே, அத அழிக்காம இருக்க யாருக்கு மனு போடணும்? பையன்கிட்ட எஸ்சி சர்டிபிகேட் இருக்கு, வன்கொடுமை சட்டத்துல போலீஸ் மேலயே புகார் குடுக்க எஸ்பி ஆபீஸ் போகணுமா நேரா கோர்ட்டா? 15100க்கு போன் பண்ணி இலவச வக்கீல் கேட்டிருக்கோம், அதுக்குள்ள விழுப்புரம் கடலூர் பக்கம் இந்த மாதிரி கேஸ் எடுத்த வக்கீல் யாராவது இருந்தா இன்பாக்ஸ்ல வாங்க, பையன் பேர இங்க யாரும் கேக்காதீங்க, அந்த அம்மா ரொம்ப பயந்து போயிருக்காங்க.