மாமா, கோ கேஜ் உள்ளே போகவில்லை

குழு: காவேரிப்பட்டணம் வீடு (பெயர்கள் என் போனில் இருப்பதுபோல்: "தம்பி" என் தம்பி, "நீங்கள்" என்பது நான்)

வியாழன்

அம்மா: தம்பி, இவனிடம் கொஞ்சம் பேசு. நாளையிலிருந்து வேலைக்குப் போக மாட்டேன் என்கிறான். வந்ததிலிருந்து சாப்பிடவும் இல்லை.

ஓசூர் மாமா: என்னக்கா ஆச்சு? மாப்ளே, நீயே சொல்லு.

தம்பி: நான் ஒழுங்காகத்தான் அளக்கிறேன் மாமா. லேத் மெஷின் பக்கத்தில் போர் கேஜ் (ஓட்டையின் விட்டத்தை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தால் சைஸ் சரியாக இருக்கிறது. குவாலிட்டி ரூமில் கோ கேஜ் (ஓட்டை குறைந்தபட்ச அளவுக்காவது இருக்கிறதா என்று நுழைத்துப் பார்க்கும் கட்டை) உள்ளே போகவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். காலையில் போட்டதெல்லாம் ஓகே. மதியத்துக்கு மேல் போட்டதுதான் இப்படி. சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் "அளக்கவே தெரியாதவன்" என்று சொல்லிவிட்டார்.

தர்மபுரி அத்தை: விடுங்க அண்ணி, பையனை எதுக்குக் கஷ்டப்படுத்தணும். செல்போன் அசெம்பிளியில் ஆள் எடுக்கிறார்கள். எங்க வீட்டுப் பையன் அங்கேதான் இருக்கிறான். முழுக்க ஏசி.

அப்பா: மாங்காய் சீசன். மண்டியில் ஆள் கிடைக்கவில்லை. இங்கே வந்தாலும் சரிதான்.

ஓசூர் மாமா: முடிவை அப்புறம் எடுக்கலாம். முதலில் ஜாப்பை, அதாவது இவன் கடையும் துண்டை, பார்ப்போம். மாப்ளே, என்ன மெட்டீரியல்? போர், அதாவது உள் ஓட்டை, எவ்வளவு? சுவர் எவ்வளவு கனம்?

தம்பி: ஈஎன்8 எஃகில் புஷ், குழாய் மாதிரி ஒரு பாகம். போர் 50 மி.மீ., டாலரன்ஸ் ஹெச்7. வெளி விட்டம் 70.

ஓசூர் மாமா: அப்படியானால் 50.000 முதல் 50.025 வரை. மொத்தம் 25 மைக்ரான்தான் இடம், அதாவது 0.025 மி.மீ. நீ எவ்வளவில் ஓட்டுகிறாய்?

தம்பி: 50.006. மெஷினை செட் பண்ணும் செட்டர் அண்ணா காலையில் வைத்துக் கொடுப்பார். மதியமும் அதே 50.006தான் காட்டும். மாறினால்தானே நான் கை வைப்பேன்?

ஓசூர் மாமா: சக்கிலிருந்து (ஜாப்பைப் பிடித்துச் சுற்றும் பகுதி) எடுக்கும்போது ஜாப் சூடாக இருக்குமா?

தம்பி: காலையில் அவ்வளவாகத் தெரியாது. மதியம் டீ டம்ளரைப் பிடித்த மாதிரி சுடும். சூட்டைத் தணிக்க ஊற்றும் கூலண்டும் டேங்கில் பாதிக்குக் கீழே போய்விட்டது.

ஓசூர் மாமா: அங்கேதான் இருக்கிறது விஷயம். சூடான ஜாப்பை அளக்கிறாய், அது பெரிதாகக் காட்டுகிறது. குவாலிட்டி ரூமுக்குப் போய் ஆறினதும் சுருங்கிவிடுகிறது. 50.006 என்று நீ பார்த்தது உண்மையில் 49.997 ஆக இருக்கும். கோ கேஜ் எப்படிப் போகும்?

நீங்கள்: மாமா, சூடானால் இரும்பு விரியும், சரி. அப்போ ஓட்டை சின்னதாகத்தானே ஆகணும்?

ஓசூர் மாமா: இல்லைம்மா, ஓட்டையும் சேர்ந்து பெரிதாகும். பேரிங்கைச் சூடுபடுத்தி ஷாஃப்டில் ஏற்றுவது அதனால்தான். ஆறினதும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கணக்கு வேண்டுமா? எஃகு 1 மீட்டருக்கு, 1 டிகிரி ஏறினால் சுமார் 11.5 மைக்ரான் நீளும். 50 மி.மீ. என்பது அதில் 20-ல் ஒரு பங்கு. இவன் பக்கத்தில் இருக்கும் செட்டிங் ரிங் (போர் கேஜை ஜீரோ வைக்கும் வளையம்) 33 டிகிரி, ஜாப் 48 டிகிரி என்று வை. வித்தியாசம் 15. 11.5ஐ 15-ஆல் பெருக்கி 20-ஆல் வகுத்துப் பார்.

நீங்கள்: 8.6 வருது மாமா.

ஓசூர் மாமா: 25 மைக்ரானில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விட்டது. இன்சர்ட் என்ற வெட்டும் முனை தேயுமுன்பே, மெஷின் சூடாகி நகருமுன்பே. அதனால்தான் நீள அளவுகளை 20 டிகிரியில் சொல்ல வேண்டும் என்று 1931-ல் உலக அளவில் முடிவு செய்து வைத்தார்கள். நம் ஊர்ப் பக்கம் மே மாதம், தகர ஷெட்டுக்குக் கீழே 20 டிகிரி எங்கே கிடைக்கும்? கிடைக்காது என்று தெரிந்துகொண்டு அளக்க வேண்டும்.

தம்பி: இதை யாரும் எனக்குச் சொல்லவே இல்லையே மாமா.

ஓசூர் மாமா: சொல்லியிருக்க வேண்டும். அது சூப்பர்வைசர் வேலை. ஒரு பையனை எல்லார் முன்னாடியும் அப்படிப் பேசியது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. உனக்கு அளக்கத் தெரிகிறது. காலையில் ஓகே, மதியம் இல்லை என்று கவனித்தாயே, பல பேருக்கு அதுவே வராது. ரிஜெக்ட் வந்ததும் மெஷினைத் திட்டுவார்கள், இல்லையென்றால் ஆஃப்செட்டை (மெஷினில் கொடுக்கும் அளவுத் திருத்தம்) இஷ்டத்துக்கு மாற்றுவார்கள்.

ஓசூர் மாமா: இன்னொரு காரணமும் இருக்கலாம். அதையும் விட்டுவிடாதே. சக் பிரஷர் அதிகமானால் சக்கின் மூன்று ஜா (பிடிக்கும் தாடைகள்) அழுத்தி ஜாப் கோணும். போர் போட்டுக் கழற்றினதும் மூன்று பக்கமாக உப்பி நிற்கும். இரண்டு புள்ளியில் தொடுகிற போர் கேஜைச் சுற்றிச் சுற்றி வைத்தாலும் ஒரே அளவு காட்டும், ஆனால் கோ கேஜ் போகாது. உன் சுவர் 10 மி.மீ. இருக்கிறது, காலையும் மாலையும் பிரஷர் ஒன்றுதான், அதனால் இது இருக்காது என்று நினைக்கிறேன். ஆனாலும் நினைப்பை நம்பாதே, சோதித்துப் பார். நாளை மதியம் ஒரு ஜாப்பை எடுத்ததும் அள. எழுதி வை. சர்ஃபேஸ் பிளேட் மேல் வைத்துவிட்டு, ஆறினதும் அதே இடத்தில் திரும்ப அள. அளவு குறைந்தால் சூடு. குறையவே இல்லை, ஆனாலும் கோ கேஜ் போகவில்லை என்றால் வட்டம் கோணியிருக்கிறது.

தம்பி: திருப்பி அனுப்பினதை என்ன செய்வது? ஸ்கிராப் என்று தனியாக வைத்திருக்கிறார்கள்.

ஓசூர் மாமா: அவசரப்பட்டுப் போட விடாதே. போர் சின்னதாக இருந்தால் உள்ளே மெட்டீரியல் இன்னும் இருக்கிறது. சாஃப்ட் ஜாவில் பிடித்து, டயல் கேஜ் வைத்து ரன்அவுட், அதாவது சுற்றும்போது வரும் ஆட்டம், பார்த்து ரீவொர்க் பண்ணலாம். ஆனால் பர்மிஷன் கேட்டுத்தான் செய்யணும். போர் பெரிதாகிவிட்டால்தான் போனது போனதுதான். ஷாஃப்டுக்கு அப்படியே தலைகீழ்.

அம்மா: அதெல்லாம் சரி தம்பி. அந்த மெஷின்கிட்ட நிற்கிறானே, கைக்கு ஒன்றும் ஆகாதே? எனக்கு அதுதான் பயம்.

ஓசூர் மாமா: அக்கா, சொன்னபடி நடந்தால் பயப்பட வேண்டாம். மாப்ளே, இதைக் கேட்டுக்கோ. சக் சுற்றும்போது கிளவுஸ் போட்டுக்கொண்டு கிட்டே போகக் கூடாது. நூல் மாட்டினால் கையைச் சேர்த்து இழுத்துவிடும். சுருள் சுருளாக வரும் சிப்பைக் கையால் இழுக்காதே, கொக்கி வைத்திருக்கிறார்கள். புரொடக்‌ஷன் வேகமாக வரணும் என்று டோர் இன்டர்லாக்கை, அதாவது கதவு திறந்தால் மெஷினை நிறுத்துவதை, யாராவது கட் பண்ணி வைத்திருந்தால் அந்த மெஷினில் நிற்காதே. அதற்காக வேலை போனால் போகட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா: கேட்டுக்கிட்டியா கண்ணு.

தர்மபுரி அத்தை: இவ்வளவு கஷ்டம் எதுக்கு? எங்க பையனுக்குக் கையில் ஸ்க்ரூ டிரைவர் மட்டும்தான்.

ஓசூர் மாமா: அந்த வேலையை நான் குறை சொல்லவில்லைங்க. ஆனால் இவன் தர்மபுரி ஐடிஐயில் இரண்டு வருஷம் டர்னர் படித்திருக்கிறான். டிவிஎஸ், லேலண்ட் எல்லாம் 1980 வாக்கில் ஓசூருக்கு வந்த பிறகு, அவர்களுக்குப் பார்ட்ஸ் செய்ய எத்தனையோ சின்னப் பட்டறைகள் இங்கே முளைத்தன. நான் கற்றது அப்படி ஒரு பட்டறையில். பச்சைப் பொத்தானை அமுக்கி ஜாப் மாற்றுகிற ஆளை எந்தக் கம்பெனியும் ஒரே வாரத்தில் தயார் பண்ணிவிடும். அளவு ஏன் நகருகிறது என்று சொல்லத் தெரிந்த ஆளை அப்படித் தயார் பண்ண முடியாது. இவன் இப்போது அந்த இடத்தில்தான் நிற்கிறான். இந்த நேரத்தில் விட்டுவிட்டு வந்தால் எனக்கு மனசு தாங்காது.

அப்பா: மச்சான் சொல்வது சரி. மண்டியை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ போ.

தம்பி: நாளைக்கு அளந்துவிட்டு எழுதுகிறேன் மாமா.

ஓசூர் மாமா: முதலில் சாப்பிடு.

வெள்ளி

தம்பி: மாமா, எடுத்ததும் 50.006. ஆறினதும் 49.998. கோ போகவில்லை. இன்னொன்று எடுத்ததும் 50.007, ஆறினதும் 49.999.

ஓசூர் மாமா: சூடுதான். செட்டரிடம் இந்த எண்களைக் காட்டினாயா?

தம்பி: காட்டினேன். கொஞ்ச நேரம் பேப்பரையே பார்த்தார். கூலண்ட் நிரப்பச் சொன்னார். ரிஃப்ராக்டோமீட்டரில் கூலண்டின் செறிவைப் பார்த்து எண்ணெயும் சேர்த்தார்கள். அப்புறம் ஆஃப்செட் எவ்வளவு கொடுக்கலாம் என்று என்னையே கேட்டார்.

ஓசூர் மாமா: என்ன சொன்னாய்?

தம்பி: ஆறினதும் நடுவில் 50.012 வரணும். அதனால் விட்டத்தைத் திருத்தும் எக்ஸ் வியர் ஆஃப்செட்டில் பிளஸ் 0.014 என்றேன்.

ஓசூர் மாமா: கணக்கு சரி. ஆனால் அது கூலண்ட் நிரப்பும் முன் எடுத்த அளவுக்கு. நிரப்பின பிறகு ஜாப் அவ்வளவு சூடாகாது, மெஷினில் தெரிகிற அளவும் மாறும். அதனால் நிரப்பினதற்கு அப்புறம் வந்த ஜாப்பை ஆறவைத்து அளந்தீர்களா?

தம்பி: அதைத்தான் செட்டர் அண்ணாவும் சொன்னார். ஆறவிட்டுப் பார்த்து 0.010 மட்டும் கொடுத்தோம். கடைசி நான்கு ஜாப்பும் கோ போச்சு, நோ கோ (ஓட்டை பெரிதாகிவிட்டதா என்று பார்க்கும் முனை) போகவில்லை.

ஓசூர் மாமா: ரொம்ப சந்தோஷம்டா மாப்ளே. செட்டிங் ரிங்கை எப்போதும் மெஷின் பக்கத்திலேயே வை, சாப்பாட்டுக்கு அப்புறம் கேஜை ஒரு தடவை ஜீரோ பார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. நோஸ் ரேடியஸ் (வெட்டும் முனையின் வளைவு), அதற்கான ஜி41, ஜி42 கோட் எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

அம்மா: ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன். மாங்காய் ஒரு கூடை எடுத்து வைத்திருக்கிறேன்.