புதுப்பிப்பு: விளக்கம் கேட்காமல் ரத்து செய்யப்பட்ட உரிமம்

என் தரப்பைக் கேட்காமலேயே உரிமத்தை ரத்து செய்த ஆணையை எதிர்த்து நேரே நீதிமன்றம் போகலாமா என்று கேட்டிருந்தேன், வழிகாட்டியவர்களுக்கு நன்றி. முதலில் துறைக்குள்ளேயே மேல்முறையீடு செய்யச் சொன்ன யோசனைதான் பலித்தது. நோட்டீஸ் தர வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை என அதிகாரி வாதிட்டார். சட்டம் மௌனமாக இருந்தாலும் பாதிக்கப்படுபவரைக் கேட்டாக வேண்டும் என்று, முன்னறிவிப்பின்றி வீட்டை இடித்த வழக்கில் 1863-லேயே இங்கிலாந்து நீதிமன்றம் சொன்னதை ஒருவர் சுட்டிக்காட்டியிருந்தார். அதையே மனுவின் முதல் பத்தியில் வைத்தேன். ஆணையில் ‘பரிசீலித்து ரத்து செய்யப்படுகிறது’ என்பதைத் தவிரக் காரணமே இல்லாததும் கைகொடுத்தது. ஆணை நீக்கப்பட்டது. நான் எதிர்பாராதது, என்னை விசாரித்துப் புதிதாக முடிவெடுக்குமாறு கோப்பு அதே அதிகாரியிடம் திரும்பியிருப்பது. அதுவரை உரிமம் செல்லும்.