தாடியஸ் ஸ்டீவன்ஸும் 1821 வழக்கும்: எப்படி எடுத்துக்கொள்வது?

கேள்வி

பென்சில்வேனியா வக்கீல், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் தாடியஸ் ஸ்டீவன்ஸைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அடிமை ஒழிப்பில் லிங்கனையே வேகம் போதாது என்று நெருக்கியவர், முன்னாள் அடிமைகளுக்குக் குடியுரிமை தந்த அரசியல் சட்டத்தின் 14ஆவது திருத்தத்துக்காக மல்லுக்கட்டியவர் என்றுதான் மனதில் பதிந்திருந்தது. ஆனால் 1821இல், சாரிட்டி பட்லர் என்ற அடிமைப் பெண் விடுதலை கேட்ட வழக்கில், அவருடைய எஜமான் தரப்புக்கு வாதாடி ஜெயித்ததும் இதே மனிதர்தானாம். அன்றிலிருந்து புத்தகத்தைத் தொடவே பிடிக்கவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1

நானும் வக்கீல் தொழிலில் இருப்பவன். அந்த வாதத்தின் கெட்டிக்காரத்தனம்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பென்சில்வேனியாவின் 1780 சட்டப்படி, வெளியிலிருந்து கூட்டிவந்த அடிமையை அங்கே ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அவருக்கு விடுதலை. சாரிட்டி, அடிமை முறை இருந்த பக்கத்து மாநிலமான மேரிலாந்திலிருந்து பல தடவை வந்துபோனவர். எல்லா நாட்களையும் கூட்டினால் கணக்கு சரியாக வரும் என்றது அவர் தரப்பு. கூட்டக் கூடாது, ஒரே தொடர்ச்சியாக இருந்திருக்க வேண்டும் என்றார் ஸ்டீவன்ஸ். மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. ஒரு பெண்ணின் வாழ்க்கையை நாட்காட்டி தீர்மானித்துவிட்டது. அப்போது ஸ்டீவன்ஸுக்கு வயது 29. கெட்டிஸ்பர்க்கில் தொழில் சூடுபிடித்துக்கொண்டிருந்த நேரம், வந்த கட்சிக்காரரை விடவில்லை. என் ஊகம் அவ்வளவுதான்.

பதில் 2

‘தொழில்’ என்று சொல்லித் தப்பவிட வேண்டாம். வேண்டாமென்று சொல்ல அவருக்கு வாய் இருந்தது.

ஆனால் அதன் பிறகு நடந்ததையும் பாருங்கள். 1823 ஜூலை 4 விருந்தில், அடுத்த ஜனாதிபதி எந்த அடிமைக்கும் விலங்கு பூட்டாதவராக இருக்கட்டும் என்று கோப்பையை உயர்த்தினார். 1838இல் மாநிலத்தின் புதிய அரசியல் சட்டம் வெள்ளையருக்கு மட்டும் ஓட்டு என்றதும் கையெழுத்துப் போட மறுத்தார். 1851இல் பென்சில்வேனியாவின் கிறிஸ்டியானா என்ற ஊரில் நடந்த மோதலில், தப்பி வந்த அடிமைகளைப் பிடிக்க வந்த மேரிலாந்து எஜமான் கொல்லப்பட்டார். அதற்காகத் தேசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்ட காஸ்ட்னர் ஹான்வேக்காக வாதாடிய வக்கீல்களில் ஸ்டீவன்ஸும் ஒருவர். ஜூரிக்குக் கால் மணி நேரம்தான் தேவைப்பட்டது. விடுதலை!

1863இல், உள்நாட்டுப் போரின்போது, அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தெற்கு மாநிலங்களின் படை அவருடைய கலடோனியா இரும்பாலையைத் தேடிப்போய்க் கொளுத்தியது. அவர்களுக்கு இவர் யார் பக்கம் என்பதில் சந்தேகமே இல்லை.

கேட்டவர்

நன்றி. மறுபடி புத்தகத்தை எடுத்துக் கடைசி அத்தியாயத்துக்குப் போனேன். 1868இல், லிங்கனுக்குப் பின் வந்த ஜனாதிபதி ஜான்சனைப் பதவிநீக்க ஸ்டீவன்ஸும் முன்னின்று நடத்திய முயற்சி செனட்டில் ஒரே ஒரு ஓட்டில் தோற்றது. நடக்க முடியாத ஸ்டீவன்ஸை நாற்காலியில் தூக்கி வருவார்களாம். மூன்று மாதத்துக்குள் போய்விட்டார். அவர் வாழ்ந்த லான்காஸ்டர் ஊரில் மற்ற கல்லறைகள் கறுப்பர்களுக்கு இடம் தராது என்பதால், எல்லாரையும் ஏற்கும் ஒரு சிறிய இடத்தைத் தானே தேர்ந்தெடுத்து, அந்தக் காரணத்தையும் கல்லில் எழுதச் சொல்லியிருக்கிறார்.

கல்லில் அந்த 1821 பற்றி ஒரு வரியும் இல்லை. சாரிட்டியோடு அவருடைய பிள்ளைகளின் விடுதலையும் சேர்ந்துதான் அன்று போனது.