சாவி போடாமலேயே ரேடியேட்டர் ஃபேன் ஓடுது, நிக்கவே மாட்டேங்குது

குட்டிவண்டி:
பெட்ரோல் கார், ஒரே ஃபேன், ஒரே வேகம். பேட்டரி வயரை மாட்டின உடனே ஃபேன் முழு வேகத்துல ஓடுது. சாவியே போடல, எஞ்சினும் ஜில்லுனு இருக்கு. வண்டி ஓட்டும்போது டெம்பரேச்சர் முள் எப்பவும் போல நடுவுக்குக் கொஞ்சம் கீழதான் நிக்குது. செக் எஞ்சின் லைட் எரியல. கூலண்ட் சென்சரை மாத்தச் சொல்றாங்க. மாத்தலாமா?

ஸ்பேனர்:
சென்சரை இப்ப தொடாதீங்க. சாவி போடாதப்ப அதைப் படிக்கிற ஈசியூவே (எஞ்சின் கம்ப்யூட்டர்) பொதுவா தூங்கிட்டுதான் இருக்கும். முதல் சந்தேகம் ஃபேன் ரிலே (ஃபேனுக்குக் கரண்ட் விடுற மின் ஸ்விட்ச்) மேலதான்.

ஓடிட்டிருக்கும்போது ரிலேயைப் பிடுங்க வேண்டாம், பின்ல பொறி பறக்கும். பேட்டரி நெகட்டிவைக் கழட்டி, ரிலேயை எடுத்துட்டு, பேட்டரி வயரை மட்டும் திரும்ப மாட்டுங்க. கை ஃபேன் பக்கம் போகக் கூடாது. ரிலே இல்லாமலும் ஓடினா, ரிலேக்கும் மோட்டாருக்கும் நடுவுல எங்கயோ வயர் உரசி 12 வோல்ட்டைத் தொடுது. ஓடலன்னா, கையில இருக்கிற ரிலேயை மல்டிமீட்டர்ல பாருங்க: 30, 87ன்னு நம்பர் போட்ட பின்களுக்கு (ஃபேனுக்குக் கரண்ட் போற வழி) நடுவுல பீப் வரக் கூடாது. வந்தா காண்டாக்ட் ஒட்டிப் போச்சு. 85-86 பின்களுக்கு நடுவுல இருக்கிற, ரிலேயை இயக்குற காயில்ல சுமார் 50 முதல் 120 ஓம் காட்டும். ஆனா காயில் சரியா இருக்குங்கிறதால ரிலே நல்லதுன்னு ஆகிடாது. ரிலேயைத் தட்டினதும் ஃபேன் நின்னா, பிரச்சினை தீரல. ரிலேதான் திருடன்னு அர்த்தம்.

வயரிங்_பித்தன்:
மேலே சொன்னது சரி. ரிலே நன்றாக இருந்தால் அடுத்தது இது: ரிலேயைக் கழற்றி, ஏசியை அணைத்து, சாவியை ஆன் செய்து, சாக்கெட்டில் 85க்கும் 86க்கும் இடையே வோல்ட் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினில் 12 வந்தால் ஈசியூதான் ஃபேனை ஓடச் சொல்கிறது, அல்லது அந்தக் கன்ட்ரோல் வயர் பாடியில் ஷார்ட்.

ஏன் சொல்கிறது என்பதற்கு ஈசியூவின் அளவுகளையும் பிழைக் குறியீடுகளையும் காட்டும் ஸ்கேனர் வேண்டும். இரவு முழுக்க நின்ற வண்டியில் கூலண்ட் வெப்பநிலையும் உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையும் சில டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். கூலண்ட் மைனஸ் 40 என்று காட்டினால் வயர் அறுந்திருக்கிறது (பிழைக் குறியீடு பி0118). குளிர்ந்த எஞ்சினில் 130க்கு மேல் காட்டினால் ஷார்ட் (பி0117). இரண்டிலும் ஈசியூ பாதுகாப்புக்காக ஃபேனை ஓடவிடும். சென்சர் பிளக்கைக் கழற்றினாலும் அதேதான். ஆகவே "பிளக்கைக் கழற்றியும் ஃபேன் நிற்கவில்லை, சென்சர் நல்லது" என்று முடிவு கட்டாதீர்கள். ரேடியேட்டரிலேயே தெர்மோ ஸ்விட்ச் (சூடேறினால் தானே ஃபேனை ஓடவிடும் ஸ்விட்ச்) இருக்கும் பழைய வண்டிகளில் மட்டும் தலைகீழ்: அதன் பிளக்கைக் கழற்றி ஃபேன் நின்றால் ஸ்விட்ச் போச்சு.

சென்சர் பல வண்டிகளில் 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓம் அளவு. அளக்கும் முன் பிளக்குக்குள் எட்டிப் பாருங்கள். பச்சைப் பொடி பூத்த பிளக் முனை, சென்சரைவிட அதிகம் ஏமாற்றும். ஏசி பிரஷர் சென்சர், முன்கண்ணாடிப் பனியை நீக்கும் டிஃபாகர் இரண்டும் ஃபேனைக் கூப்பிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

குட்டிவண்டி:
ரிலேயை எடுத்ததும் ஃபேன் நின்னுடுச்சு. 30-87ல பீப் வருது. புது ரிலே போட்டா போதுமா?

ஸ்பேனர்:
போதும், ஆனா ஏன் ஒட்டிச்சுன்னு பார்க்காம போட்டா இதுவும் ஒட்டும். மோட்டார் பேரிங் இறுகினா ஆம்பியர் ஏறும், காண்டாக்ட் சூடாகி உருகும். பேட்டரியைக் கழட்டிட்டு ஃபேனைக் கையால சுத்துங்க: உடனே நின்னாலோ, கரகரன்னாலோ, தண்டு ஆடினாலோ மோட்டாரையும் மாத்தணும். டிசி அளக்கிற கிளாம்ப் மீட்டர் (வயரைச் சுத்திக் கவ்வி ஆம்பியர் காட்டுறது) இருந்தா ஓடும்போது பாருங்க. ஸ்டார்ட் ஆகிற நொடியில ஏறிட்டு இறங்கணும். இறங்காம ஃப்யூஸ் அளவை ஒட்டியே நின்னா மோட்டார் சரியில்ல.

ரிலே சாக்கெட்ல 30, 87 துளை பழுப்பா கருகியிருந்தா டெர்மினலையும் மாத்துங்க. தளர்ந்த டெர்மினல் புது ரிலேயையும் சுட்டுடும். பெரிய ஃப்யூஸ் போட்டு மட்டும் சமாளிக்காதீங்க, அடுத்து எரியிறது வயர்தான்.

வயரிங்_பித்தன்:
புது ரிலே வாங்கும்போது ஆம்பியர் மட்டும் பார்த்தால் போதாது. பழையதன் பின்களின் எண் வரிசையையும் ஒப்பிடுங்கள். சில ரிலேக்களில் 30ம் 86ம் இடம் மாறியிருக்கும், சாக்கெட்டில் அழகாக உட்காரவும் செய்யும். மாட்டியதும் எஞ்சினை ஓடவிட்டு ஃபேன் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் 95 டிகிரியை ஒட்டி வந்து, சில டிகிரி இறங்கியதும் நிற்கும்.