அங்கரின் குழந்தைகள்: உங்களை விடாத படம் எது?

கவிதா
19ஆம் நூற்றாண்டு சுவிஸ் ஓவியர் ஆல்பெர்ட் அங்கர் என்றால் பின்னல் போடும் சிறுமி, கம்பளி பின்னும் சிறுமி என்று காலண்டரில் பார்த்துப் பழகிய படங்கள்தானே என்று பேர்னில் கண்காட்சிக்குள் போனேன். ரூடி படத்தைத் தாண்டி நடக்க முடியவில்லை. 1869இல் இரண்டு வயதில் இறந்துபோன சொந்த மகனை, கிடத்திய படுக்கையிலேயே வரைந்திருக்கிறார். அழுகிறவர்கள் யாரும் படத்தில் இல்லை, தலையணையில் அந்தச் சின்ன முகம் மட்டும். அதை வரைந்து முடிக்கும்வரை ஒரு அப்பா அந்த முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு இருந்திருக்க வேண்டுமே, அதுதான் இன்னும் மனதை அறுக்கிறது.

ஜெயந்தன்
அக்கா, அந்தப் படம் சரி. மற்றதெல்லாம்? சூரிச்சில், வீட்டைச் சூடாக்கும் அடுப்பை ஒட்டிய திண்ணையில் தூங்கும் இரண்டு சிறுமிகளைப் பார்த்தேன், 1895இல் வரைந்தது. அழகுதான், ஆனால் எனக்குக் கோபம்தான் வந்தது. சுவிஸின் கிளாருஸ் மாநிலப் பஞ்சாலைகளில் பிள்ளைகள் வேலை செய்த நூற்றாண்டு அது. 14 வயதுக்குக் குறைந்தவர்களை ஆலையில் சேர்க்கக் கூடாது என்று நாடு முழுவதற்குமான சட்டம் 1877இல்தான் வந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகளைப் பண்ணைக்காரர்களிடம் வேலைக்கு ஒப்படைத்துவிடும் வழக்கமும் இருந்தது. அந்தப் பிள்ளைகளெல்லாம் எங்கே?

பாசல்வாசி
ஜெயந்தன், அங்கரின் படங்களில் ஆலை இல்லை என்பது உண்மை. அதற்காக அவர் கண்ணை மூடிக்கொண்டார் என்று சொல்லாதீர்கள். கடனில் மூழ்கிய குடும்பத்தின் சாமான்கள் ஏலம் போவதை 1891இல் வரைந்திருக்கிறார், குழந்தைகள் காப்பகத்தையும் வரைந்திருக்கிறார். எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் '1848ஆம் ஆண்டின் கிராமப் பள்ளி' இருக்கிறது, 1896இல் பழையதை நினைத்து வரைந்தது. பையன்களுக்கு மேசை இருக்கிறது. பெண் பிள்ளைகள் ஓரமாகச் சுவரை ஒட்டிய பலகையில், மேசையே இல்லாமல் நெருக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். இதைவிட வெளிப்படையாக வேறு எப்படிச் சொல்வது?

மூன்று பிள்ளைகளின் அம்மா
பள்ளித் தேர்வுப் படத்தைப் பார்த்து என் சின்னவன் "இவங்களுக்கு செருப்பு இல்லையா?" என்று கேட்டான், எனக்கு வாயடைத்துப் போனது. அவ்வளவுதான் என் கதை.

ஒன்று சொல்கிறேன், பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் எல்லாப் படத்தையும் காட்டி முடிக்க நினைக்காதீர்கள். ஒரே படத்தின் முன்னால் உட்கார வையுங்கள். யார் கவனிக்கிறார்கள், யார் பராக்குப் பார்க்கிறார்கள் என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். அங்கர் இன்ஸ் கிராமத்தின் பள்ளிக் குழுவில் இருந்தவர், வரைந்ததும் பெரும்பாலும் தெரிந்த ஊர்ப் பிள்ளைகளைத்தான் என்பதைப் பிறகு சொல்லுங்கள், முதலிலேயே சொன்னால் பாடமாகிவிடும். பசியோடு கூட்டிப் போகாதீர்கள். அப்புறம் முடிந்தால் இன்ஸுக்கே போங்கள், அவர் வீடும் ஓவியக் கூடமும் இன்னும் அங்கேயே இருக்கின்றன. எந்த நாளில் திறந்திருக்கும் என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஜெயந்தன்
பாசல்வாசி, அந்தச் சுவரோரப் பெண்களை நான் கவனித்ததே இல்லை, அடுத்த முறை போய்ப் பார்க்கிறேன். ஆலையைப் பற்றிய என் கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.