பம்ப் படத்தில் பாகப் பெயர்கள்: மொழிபெயர்க்கத் தோதாக எஸ்விஜி கோப்பைத் தயாரிப்பது எப்படி?

கேள்வி:
மோனோபிளாக் பம்ப் கையேட்டுக்கான குறுக்குவெட்டுப் படம், இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எஸ்விஜி கோப்பாக (கோடுகளையும் எழுத்துகளையும் தனித்தனியே திருத்தக்கூடிய படக்கோப்பு) வரைந்தது. இம்பெல்லர் (நீரைத் தள்ளும் சுழல் சக்கரம்), ஷாஃப்ட் (சுழல் தண்டு), மெக்கானிக்கல் சீல் (தண்டு வழியே நீர் கசியாமல் தடுப்பது), கீ என 14 பாகங்களுக்கு ஆங்கிலப் பெயரும் சுட்டுக்கோடும் உண்டு. தமிழிலும் இந்தியிலும் வர வேண்டும். பெயரை மாற்றினால் சில எழுத்துகள் கோட்டின் மேல் ஏறுகின்றன, சில ஒன்றன்மேல் ஒன்று குவிகின்றன, சிலவற்றைத் திருத்தவே முடியவில்லை. மூலப்படத்திலேயே என்ன செய்து வைக்கலாம்?

பதில் 1:
திருத்த முடியாதவை ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்தவை. அவை இப்போது எழுத்தல்ல, வெறும் கோட்டுருவம். புதிதாகத் தட்டச்சு செய்வது தவிர வழியில்லை. அச்சகத்துக்காக அப்படி மாற்றுவதானால் நகலில் மட்டும் மாற்றுங்கள்.

கோட்டின் மேல் ஏறுவது சீரமைப்புக் கோளாறு. படத்துக்கு இடப்புறம் நிற்கும் பெயர் இடச்சீராக (இட ஓரத்தில் தொடங்குமாறு) இருந்தால், நீளமான தமிழ்ப் பெயர் வலப்புறம் வளர்ந்து கோட்டில் முட்டும். இடப்புறப் பெயர்களை வலச்சீராகவும் வலப்புறப் பெயர்களை இடச்சீராகவும் வையுங்கள். எந்த மொழியானாலும் வெளிப்பக்கம்தான் வளரும். ஆங்கிலப் பெயரின் அகலத்தைப் போல இரு மடங்கு இடம் விடுங்கள். வரி இடைவெளி 1.4 இருக்கட்டும், இல்லாவிட்டால் மேல்வரியின் ‘கூ’ கீழ்வரியின் ‘சீ’யில் இடிக்கும்.

பதில் 2:
குவிவது பிடிஎஃப்பிலிருந்து இறக்கிய பெயர்களாக இருக்கும். அவற்றில் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி இட எண் ஒட்டியிருக்கும். ஆங்கில எழுத்துக்கு அளந்த எண்களில் தமிழ் எழுத்து எப்படிப் பொருந்தும்? பெயரைத் தேர்ந்தெடுத்து, டெக்ஸ்ட் மெனுவில் ‘ரிமூவ் மேனுவல் கெர்ன்ஸ்’ கொடுத்துவிட்டு மொழிபெயர்க்க அனுப்புங்கள்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. ‘மெக்கானிக்கல்’ ஒரு பெட்டி, ‘சீல்’ கீழே இன்னொரு பெட்டி என்று வைத்தால் ஒமேகாடி போன்ற மொழிபெயர்ப்பு மென்பொருளில் இரண்டும் தனித்தனித் துண்டாக வரும். படத்தைப் பார்க்காதவர் ‘சீல்’ என்பதை ‘முத்திரை’ என்றுதான் எழுதுவார். ‘கீ’ நிச்சயம் ‘சாவி’ ஆகிவிடும். ஒரு பாகத்துக்கு ஒரே பெட்டி வையுங்கள். கூடவே படத்தையும் ஒரு வரி விளக்கத்தையும் அனுப்புங்கள்: ‘கீ: இம்பெல்லர் ஷாஃப்டில் வழுக்காமல் பிடிக்கும் இரும்புத் துண்டு’.

பதில் 3:
14 பாகம் என்றால் படத்தில் பெயரே வேண்டாம். வட்டத்துக்குள் எண் போடுங்கள், பெயர்கள் கையேட்டின் அட்டவணையில் இருக்கட்டும். எல்லா மொழிக்கும் ஒரே படம் போதும். அட்டவணை அதே பக்கத்திலோ எதிர்ப்பக்கத்திலோ இருக்க வேண்டும், பக்கம் புரட்ட வைத்தால் மெக்கானிக் பார்க்கமாட்டார். உதிரிபாகப் பட்டியலின் எண்ணையே படத்திலும் கொடுங்கள். பின்னால் ஒரு பாகம் நீக்கப்பட்டால் அந்த எண்ணை வெறுமையாக விடுங்கள், மாற்றி எண்ணிட்டால் பழைய கையேடு வைத்திருப்பவர் தவறான பாகத்தை வாங்குவார். ஐந்தாறு பாகம் மட்டுமென்றால் பெயரே நல்லது. சுழல் திசை அம்புக்குறி, மின் எச்சரிக்கை இரண்டையும் எண்ணாக்காதீர்கள். அவை படத்திலேயே அந்தந்த மொழியில் நிற்கட்டும்.

கேள்வி கேட்டவர்:
எண் முறையையே எடுத்துக்கொள்கிறேன். எச்சரிக்கை வரிக்கு எந்த எழுத்துரு?

பதில் 2:
நோட்டோ சான்ஸ் தமிழ், இந்திக்கு நோட்டோ சான்ஸ் தேவநாகரி. பாமினி மாதிரி பழைய குறியாக்க எழுத்துரு (ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தது) வேண்டவே வேண்டாம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எச்சரிக்கை வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும்.